காடும் கோப்பியும் தேயிலையும்

ஹற்றனிலிருந்து நானுஓயா வரை புகைவண்டியில் செல்லும் பயணி எவரும் இருமருங்கும் விரிந்து கிடக்கும் தேயிலைப் பசுமையைக் கண்டு வியவாதிரார். மலைநாடு என்றாலே தேயிலை என்றும், தேயிலை என்றாலே மலைநாடு என்றும் நம் உள்ளத்தில் ஒரு படம் பதிந்து விட்டது. ஆயினும் இப்பசுமை இம்மலைகளின் பிறவிக்கோலம் அன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைச் சரிவுகளில் ஒரு தேயிலைச் செடியேனும் இருந்ததில்லை. அன்று முதல் இன்று வரையுள்ள சிறு காலத்தில் இம்மலைகள் காட்டை இழந்தன. கோப்பியை அணிந்து களைந்தன. சிங்கோனாவை அணிந்து களைந்தன. இறுதியில் தேயிலையை அணிந்து நின்றன. மன்னரும் ஆளுநரும் மாறிய வரலாற்றை நாம் பாடசாலையில் படிக்கின்றோம். மரமும் புல்லும் மாறிய வரலாறும் அதே அளவு படிக்கத்தக்கது. ஏனெனில், அம்மாற்றத்தினாலேயே இலட்சக்கணக்கான தமிழ் மக்களின் வாழ்வு இம்மலைகளோடு பிணைக்கப்பட்டது.

ஓரிடத்தில் கூடி வாழும் செடி, கொடி, மரம், பூச்சி, பறவை, விலங்கு ஆகிய யாவற்றையும் சேர்த்து உயிர்ச்சாகியம் என்பர் அறிஞர். அச்சாகியம் நிலைத்து நிற்பதன்று. வெற்று நிலத்தில் முதலிற் பாசியும் புல்லும் குடியேறுகின்றன. அவை மண்ணைத் திருத்தி நிழலும் ஈரமும் உண்டாக்கியபின் புதர்கள் வருகின்றன. புதரின் நிழலில் மரக்கன்றுகள் முளைக்கின்றன. மரங்கள் ஓங்கியதும் ஒளியை நாடிய புல் மடிகின்றது. தமக்கு இடங்கொடுத்தவற்றைப் பின்வந்தவை மெல்ல அகற்றிவிடுகின்றன. இத்தொடர்மாற்றத்தை அமெரிக்க அறிஞர் கௌல்ஸ் என்பார் மிச்சிகன் ஏரிக்கரை மணற்குன்றுகளில் ஆராய்ந்து 1899ஆம் ஆண்டில் எழுதினார். கிளமெண்ட்ஸ் என்பார் 1916ஆம் ஆண்டில் அதனை ஒரு கொள்கையாக வகுத்தார். ஒவ்வொரு நாட்டின் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற ஓர் உச்சநிலைச் சாகியம் உண்டு என்பதும், கலைத்துவிட்டாலும் நிலம் அந்நிலையை நோக்கியே திரும்பும் என்பதும் அவர் கருத்து. 1926ஆம் ஆண்டில் கிளீசன் என்பார் இதனை மறுத்தார். எந்த விதை எப்பொழுது வந்து விழுகின்றது என்னும் தற்செயலே பெரிதும் முடிவு செய்கின்றது. ஆதலின் நிலம் பழைய நிலைக்கே திரும்பும் என்று உறுதி கூறவியலாது என்றார் அவர். இவ்விருவருள் யார் கூற்று மெய் என்பதை அறிவதற்கு நம் மலைநாட்டினும் சிறந்த ஆய்வுக்களம் கிடைப்பது அரிது.

நிலம் தன் இயல்பு மாறும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை என்று பூவின் பெயராலேயே வகுத்தவர் நம் முன்னோர். அவருள் இளங்கோவடிகள், பாலை என்பது தனியே படைக்கப்பட்ட நிலமன்று, குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெடும்பொழுது உண்டாகும் நிலையே அது என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தில் வைத்துச் சென்றார். மலைநாட்டின் கதையைக் கேட்கும்பொழுது இக்கருத்தை மனத்தில் இருத்துதல் நன்று.

பழைய மலைக்காடு எத்தகையது? ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட இடங்களில் மரங்கள் வானளாவ ஓங்குவதில்லை. காற்றும் குளிரும் அவற்றைக் குறுக்கி, கிளைகளை முறுக்கி, குடை போன்ற முடியுடன் நிறுத்துகின்றன. கிளைதோறும் பாசியும் பன்னமும் தொங்குகின்றன. மேகம் காட்டினுள் நுழைந்து இலைகளில் நீராய்ப் படிகின்றது. மழை பெய்யாத நாளிலும் அக்காடு மேகத்திலிருந்து நீரைக் கறந்து ஓடைகளுக்கு ஊட்டுகின்றது. மகாவலியும் களனியும் வளவையும் இம்மலைகளிலேயே பிறக்கின்றன. அடிமரக் காட்டில் நெலு என்று சிங்களத்தில் வழங்கும் குறிஞ்சியினச் செடிகள் செறிந்துள்ளன. அவை பல ஆண்டுகள் காத்திருந்து ஒருங்கே பூத்து, ஒருங்கே மடிகின்றன. அப்பொழுது நிலத்தில் ஒளி விழுகின்றது. அதுகாறும் நிழலில் ஒடுங்கிக் கிடந்த கன்றுகள் தலைதூக்குகின்றன. முதிர்ந்த காடும் உறங்குவதில்லை, உள்ளுக்குள் மாறிக்கொண்டேயிருக்கின்றது என்பதற்கு இதுவே சான்று.

காட்டினிடையே பத்தனை என்னும் புல்வெளிகளும் இருந்தன. ஊவாவின் உலர்ந்த சரிவுகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் அவற்றை இன்றும் காணலாம். இவை இயற்கையாக அமைந்தவையா, மனிதன் வைத்த தீயினால் உண்டானவையா என்று நூறாண்டுக்கு மேலாக வாதம் நடந்துவருகின்றது. 1899ஆம் ஆண்டில் பியர்சன் என்னும் தாவரவியலார் இப்புல்வெளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அண்மைக் காலத்தில், ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணைத் துளைத்து, அடுக்கடுக்காகப் படிந்துள்ள மகரந்தத்தை எடுத்து ஆராய்ந்துள்ளனர். இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் வறண்டிருந்ததையும், பின்னர்ப் பருவமழை வலுத்தபொழுது காடு பரந்ததையும் அம்மகரந்தம் காட்டுகின்றது. ஆகவே, வெள்ளையர் கண்ட காடும் ஊழிதொட்டு மாறாது நின்ற காடன்று. ஆயின், அம்மாற்றங்கள் ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தன. அடுத்து வந்த மாற்றமோ ஒரு மனிதனின் ஆயுளுக்குள் நிகழ்ந்தது.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களில் கம்பளைக்கு அருகில் ஜோர்ஜ் பேர்டு என்பார் கோப்பித்தோட்டம் தொடங்கினார். ஆளுநர் பார்ன்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமென்று கொண்டது. கண்டிக் கிராமத்தார் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய நிலங்களும் இவ்வாறு விலைப்பொருளாயின. காட்டை அழிக்கும் முறை கொடியது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்துவர். உச்சியிலுள்ள மரங்களை முழுதும் வெட்டியவுடன், அவை கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றின்மேல் விழ, சரிவு முழுவதும் ஒரே பேரோசையுடன் சாயும். பின்னர் வெயில்காலத்தில் தீ வைப்பர். சாம்பலிடையே, கருகிய அடிக்கட்டைகளுக்கு நடுவே, கோப்பிக் கன்றுகள் நடப்பட்டன. யானைகளும் தப்பவில்லை. மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். 1845ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார்.

1870களின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. மலைக்கு மலை, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு, இடையீடின்றி ஒரே பயிர். நூற்றுக்கணக்கான மரவகை நின்ற இடத்தில் ஒரே செடி. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு புதிய பங்கசு என்று பெர்க்லி என்னும் அறிஞர் கண்டு பெயரிட்டார். முதலில் தோட்டக்காரர் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. காற்றில் பறந்த நுண்வித்துக்கள், தடுப்பார் எவருமின்றிச் சரிவுதோறும் பரவின. 1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்டு என்னும் இளம் அறிஞர் வரவழைக்கப்பட்டு, இரண்டாண்டு ஆராய்ந்தார். காற்றைத் தடுக்கும் மரவரிசைகள் இன்றி, ஒரே பயிரை இடைவிடாது நட்டதே நோய்க்கு வாய்ப்பாயிற்று என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கலப்புக் காட்டில் நோய் ஒரு மரத்திலிருந்து அதன் இனத்து மற்றொரு மரத்தைத் தேடியலைய வேண்டும். கோப்பிமலையிலோ தேடுவதற்கு ஏதும் இல்லை. இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது, தோட்டங்கள் ஏலம்போயின, உடையவர் பலர் நாட்டை விட்டகன்றனர்.

இடைக்காலத்தில் மலைகளை ஆண்டது சிங்கோனா. 1861ஆம் ஆண்டில் ஹக்கலைப் பூங்கா அமைந்ததே அம்மரத்துக்காக எனலாம். காய்ச்சலைத் தீர்க்கும் கொயினா அதன் பட்டையிலிருந்து கிடைப்பது. கோப்பி மடிந்த நிலமெங்கும் அதனை நட்டனர். எல்லாரும் ஒருங்கே பட்டை உரித்துச் சந்தைக்கு அனுப்பவே விலை வீழ்ந்தது. பத்து ஆண்டுக்குள் அதன் காலம் முடிந்தது. கோப்பியை நோய் வீழ்த்தியது. சிங்கோனாவைச் சந்தை வீழ்த்தியது. காட்டின் மாற்றத்துக்கும் தோட்டத்தின் மாற்றத்துக்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்கும். காட்டில் ஒன்றை அடுத்து எது வரும் என்பதை மண்ணும் ஒளியும் தீர்மானிக்கின்றன. தோட்டத்திலோ இலண்டன் மாநகரின் விலைப்பட்டியல் தீர்மானித்தது.

தேயிலை அதற்குள் ஆயத்தமாய் இருந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அந்நூற்றாண்டு முடியுமுன் மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் தேயிலை பரந்தது. புகைவண்டிப் பாதை 1884ஆம் ஆண்டில் ஹற்றனையும், 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது.

மக்களின் குடியிருப்பும் இதனால் மாறியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே ஆள் மிகுதியாக வேண்டும். ஆகவே தென்னிந்தியத் தொழிலாளர் ஆண்டுதோறும் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிச் சென்றனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். எனவே வந்தவர் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர். பிள்ளைகள் இங்கேயே பிறந்தனர். ஒரு செடியின் இயல்பு ஒரு சமுதாயத்தின் வாழ்க்கை முறையையே மாற்றியமைத்தது. அச்சமுதாயம் 1948ஆம் ஆண்டில் குடியுரிமை இழந்ததும், 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதும், பின்னர் எஞ்சியோர் குடியுரிமை மீளப் பெற்றதும் தனியே கூறவேண்டிய வரலாறு.

தேயிலைச் செடி இயல்பில் ஒரு மரம். விட்டுவிட்டால் முப்பது அடிக்கும் மேல் வளரும். மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை கவ்வாத்து வெட்டியும், வாரந்தோறும் கொழுந்தெடுத்தும் அதனை இடுப்பளவில் நிறுத்துகின்றனர். நிரைகளுக்கிடையே முளைக்கும் புல்லும் பூண்டும் நிலம் காடாவதற்கு எடுத்துவைக்கும் முதல் அடியாகும். புல்வெட்டும் தொழிலாளி ஒவ்வொரு முறையும் அந்த அடியைத் தடுக்கின்றான். தேயிலைமலை என்பது மனிதக் கரங்களால் நாள்தோறும் தடுத்து நிறுத்தப்படும் காடு என்று கூறுவது மிகையன்று. அக்கரங்கள் ஓய்ந்தால் அம்மலை தன் போக்கில் நடக்கத் தொடங்கிவிடும்.

இவ்வாறு தடுத்ததற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. முற்காலத்தில் சுரண்டி கொண்டு புல்லை வேரோடு களைந்து நிலத்தை வெறுமையாக வைத்தனர். மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு ஆற்றில் சேர்த்தது. ஆயிரமாண்டு இலை உதிர்ந்து உண்டான மண் சில தலைமுறையில் கரைந்தது. பின்னரே கான் வெட்டுதலும், கல் அணை கட்டுதலும், முள்முருங்கை, கிரெவிலியா முதலிய நிழல்மரம் நடுதலும் பரவின. 1951ஆம் ஆண்டில் மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

பூச்சியுலகமும் தன் பங்குக்குப் பாடம் கற்பித்தது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் ஒரு புழு தோட்டங்களைப் பெரிதும் வருத்தியது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியை வருவித்தனர். அது அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் இயல்பினது. குளவி பரவியது, புழு அடங்கியது. 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்டிரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அது குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. ஒரு சாகியத்தில் ஓர் உயிரை மட்டும் தனியே தொடுதல் இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இத்தனை அழிவுக்கிடையேயும் உயர்மலைக் காடு ஓரளவேனும் எஞ்சியது எவ்வாறு? 1873ஆம் ஆண்டில் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடவேண்டும் என்று அரசுக்கு எடுத்துரைத்தார். அவ்வுயரத்துக்கு மேல் காடு வெட்டுவது நிறுத்தப்பட்டது. சிவனொளிபாதமலைக் காடும் ஹோட்டன் சமவெளியும் இன்று நிற்பதற்கு அவ்வறிவுரை ஒரு முக்கிய காரணம். 1988ஆம் ஆண்டில் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. 2010ஆம் ஆண்டில் இவ்விரண்டும் நக்கிள்ஸ் மலையும் சேர்ந்து உலக மரபுரிமைச் சொத்தாக ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பினால் ஏற்கப்பட்டன. ஆயினும் வேலியிட்டதனால் மட்டும் காடு நிலைத்துவிடவில்லை. ஹோட்டன் சமவெளியில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவதைப் பல ஆண்டுகளாக அறிஞர் கண்டு கவலையுற்று வருகின்றனர். ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் என்னும் முட்புதர் புல்வெளிகளில் வேரூன்றியுள்ளது.

இன்று மலைநாட்டின் முன் நிற்கும் கேள்வி மற்றொன்று. தோட்டங்களில் வேலைசெய்வோர் தொகை குறைந்து வருகின்றது. இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் செல்கின்றனர். ஊதியமும் உறைவிடமும் போதாதவிடத்து அவர்களைக் குறைகூறுவது முறையன்று. ஆள் இன்மையால் பல மலைகள் கைவிடப்படுகின்றன. அங்கே என்ன வளர்கின்றது? கிளமெண்ட்ஸ் கூறியது முற்றும் மெய்யானால் பழைய காடு திரும்பியிருக்க வேண்டும். திரும்புவது பெரும்பாலும் மானாப்புல்லும் பன்னமும் நாயுண்ணிப் புதருமே. மேல்மண் போயிற்று. விதை கொண்டுவரும் பறவைகளுக்கு அருகில் காடு இல்லை. வெயில்காலத்தில் மானாப்புல்லில் தீ பற்றுகின்றது. தீயில் மரக்கன்று மடியும். புல்லின் வேரோ பிழைத்து மீண்டும் தழைக்கும். இவ்வாறு ஒவ்வொரு தீயும் புல்லின் ஆட்சியை நீட்டிக்கின்றது. இளங்கோவடிகள் சொன்ன பாலை இதுவன்றி வேறென்ன? ஆனால், காட்டை ஒட்டிய ஓடைக்கரைகளிலோ நிலைமை வேறு. அங்கே தீ புகாவிடில் பறவை எச்சத்திலிருந்து காட்டுக்கன்றுகள் முளைப்பதைக் காணலாம். திரும்பும் வழி மூடப்படவில்லை; அது குறுகிவிட்டது என்பதே உண்மை.

அவ்வழியை மனிதன் அகலப்படுத்தவும் கூடும். சிங்கராஜாக் காட்டின் ஓரத்தில் நடப்பட்டிருந்த பைன் தோப்பினுள், 1990கள் முதற்கொண்டு பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர்கள் சில பைன் வரிசைகளை அகற்றி நாட்டுக் காட்டுமரங்களின் கன்றுகளை நட்டு ஆராய்ந்தனர். பைன் தந்த அரைநிழலில் அவை தழைத்தன. அது தாழ்நில ஈரக்காடு. உயர்மலைக்கு மரவகை வேறு. எனினும் முறை ஒன்றே. முதலில் தீயைத் தடுத்தல், பின் நிழல் உண்டாக்குதல், அதன்பின் காட்டுக் கன்றை நடுதல்.

இது அழகுக்காகச் சொல்லப்படும் செய்தியன்று. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மண்ணுள் புதைத்தது. வேரின் பிடிப்பும் நீர் வடியும் கான்களும் இல்லாத சரிவின்மேல் பெருமழை பெய்தால், அதன் கீழ் வாழ்வோர்க்குப் பாதுகாப்பில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக்கண்ணியில் சிக்கி மாண்டது. தேயிலைக்கிடையே துண்டு துண்டாய் எஞ்சிய காடுகளில் சிறுத்தையும், அவற்றின் ஓரத்தில் தொழிலாளரும் நெருங்கி வாழவேண்டியதாயிற்று. மலையின் மேலுள்ள காடும் கீழுள்ள லயமும் ஒரே விதியில் பிணைந்துள்ளன.

கைவிட்ட நிலத்தைக் காடாக்கவேண்டும் என்பாரும், அதனைக் காணியற்ற தோட்ட மக்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பாரும் உளர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதவேண்டியதில்லை. செங்குத்தான சரிவும் ஓடைக்கரையும் மலைமுகடும் வீடு கட்டத்தக்கவை அல்ல. அவை மரத்துக்கே உரியவை. சமமான, உறுதியான நிலம் மக்களுக்கு உரியது. எந்த மலையில் ஊற்று எப்பொழுது வற்றுகின்றது, எந்தக் கானில் நீர் தேங்குகின்றது, எந்தச் சரிவில் நிலம் வெடிக்கின்றது என்பதை அங்கே தலைமுறை தலைமுறையாகப் புல்வெட்டியும் கவ்வாத்து வெட்டியும் பழகிய கைகளே நன்கறியும். 1873ஆம் ஆண்டில் ஐயாயிரம் அடிக்கு மேல் ஒரு கோடு வரைந்தபொழுது அவர்களை எவரும் கேட்கவில்லை. இனி வரையப்படும் கோடுகள் அவர்களைக் கேட்டே வரையப்படுமாயின், மலையும் நிலைக்கும், மக்களும் நிலைப்பர்.